வீட்டிலேயே செம்புப் படிகம் வளர்க்க: பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வழிகாட்டி

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில், எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தில், ஒரு அலமாரித் தட்டு இருக்கிறது. அதில் இப்போது நான்கு புட்டிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை உப்புக்குள் செம்பு வேர்விட்டதுபோல இறங்கியிருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் சின்னச் சின்ன முக்கோண முகங்கள் மின்னும். இந்த அழகைப் பார்க்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. முதல் மூன்று முயற்சிகளும் முழுதாக வீணாயின. அவை வீணாகக் காரணமாக இருந்தவை எல்லாமே யாராவது முன்பே சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடப்பது இவ்வளவுதான். மயில்துத்தம் என்பது செம்பின் உப்பு. அதன் கரைசலில் இரும்பைப் போட்டால் இரும்பு கரையும், செம்பு உலோகமாக வெளியே வரும். இது வேகமாக நடந்தால் உங்களுக்குக் கிடைப்பது பழுப்புச் சேறு. மெதுவாக நடந்தால் படிகம். கீழே சொல்லப்போகும் உப்பு அடுக்கு, வடிதாள், பொறுமை எல்லாம் அந்த வேகத்தைக் குறைப்பதற்காகத்தான். எந்தப் படியிலாவது சந்தேகம் வந்தால், "எது மெதுவாக்கும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சரியான பதில் அதுவாகத்தான் இருக்கும்.

1. முதலில் காலண்டரைப் பாருங்கள்

பிள்ளையின் பள்ளி அறிவியல் விழாவுக்காகச் செய்கிறீர்கள் என்றால் விழாவுக்கு எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். பொருள் வந்து சேர ஒரு வாரம், வளர நான்கிலிருந்து ஐந்து வாரம், கழுவி உலர்த்த இரண்டு மூன்று நாள். மீதி, ஒரு முறை கெட்டுப்போனால் மறுபடி தொடங்குவதற்கான இடம். ஒரே புட்டியை நம்பி இருக்காதீர்கள். ஒரே நாளில் இரண்டு புட்டி வையுங்கள். செலவு அதிகமாகாது, ஒன்று ஏமாற்றினாலும் மற்றது கைகொடுக்கும்.

நேரமே இல்லை, மின்கலம் வைத்துச் சீக்கிரம் வளர்த்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். மின்கல முறை உண்மையிலேயே இருக்கிறது, நல்ல முறையும்கூட. ஆனால் அதற்கு வேறு கரைசல் வேண்டும். இந்த உப்புக் கரைசலில் பென்சில் கரி போன்ற கரையாத ஒன்றை நேர்முனையாக வைத்து மின்சாரம் விட்டால் குளோரின் வாயு வரும். எவர்சில்வர் கரண்டியை நேர்முனையில் மாட்டினால் அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் கரைந்து வெளியே வரக்கூடும். வீட்டில் இந்த இரண்டும் வேண்டாம்.

2. பொருள் வாங்குவது: பணமும் நேரமும் வீணாகும் இடம்

என் தவறுகளில் பாதிக்கு மேல் கடையிலேயே நடந்தவை. ஆகவே இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

மயில்துத்தத்துக்கு மலாயில் 'தெருசி' என்று பெயர். உரம், பூச்சிமருந்து விற்கும் கடையில் இந்தப் பெயரைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். கெப்பாளா பத்தாஸ், பெனாகா போன்ற நெல் வயல் உள்ள பக்கங்களில் இப்படிப்பட்ட கடைகளைத் தேடுங்கள். பினாங்குத் தீவில் இருப்பவர்களுக்கு இணையத்தில் வாங்குவது சுலபம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: உங்களுக்கு வேண்டியது ஆழ்ந்த நீலத்தில், கண்ணாடிச் சில்லுபோல இருக்கும் கட்டிப் படிகம். வெளிர் நீலமாகவோ பச்சையாகவோ மாவுபோல இருப்பதை எடுக்காதீர்கள். அது செம்பு ஆக்சிகுளோரைடு போன்ற வேறு செம்பு மருந்தாக இருக்கலாம். அதுவும் பயிர்ப் பூஞ்சைக்குத்தான், ஆனால் தண்ணீரில் கரையாது. என் முதல் பொட்டலம் அதுதான். மீன் தொட்டிக்கு விற்கும் செம்பு மருந்தும் உதவாது. அது மிகவும் நீர்த்தது.

அடுத்தது உப்பு. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, நானும் எடுத்துக்கொள்ளவில்லை. பொடி உப்பு கட்டிபிடிக்காமல் இருக்கச் சில நிறுவனங்கள் ஃபெரோசயனைடு சேர்க்கின்றன. பொட்டலத்தின் பின்னால் 535 அல்லது 536 என்ற எண் இருக்கும். சமையலுக்கு அந்த அளவு தீங்கில்லை. ஆனால் செம்பு அதைத் தொட்டதும் செம்பழுப்பாகத் திரிந்து கரைசலைக் கலக்கிவிடும். அதைச் செம்பு என்று நினைத்து நான் இரண்டு நாள் மகிழ்ந்திருந்தேன். எதுவும் சேர்க்காத கல்லுப்பை, அதாவது 'காராம் காசார்' வாங்கி, அதில் பாதியை மிக்சியில் பொடித்துக்கொள்ளுங்கள். உப்பு பொடித்த மிக்சியை நன்றாகக் கழுவிவிட்டால் போதும், இந்தக் கட்டத்தில் அதில் நச்சு எதுவும் இல்லை.

இரும்பு. ஹார்ட்வேர் கடையில் பளபளவென்று இருக்கும் ஆணி, வாஷர் எல்லாம் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு போட்டவை. துத்தநாகம் இரும்பைவிட வேகமாகச் செம்பை வெளியேற்றும். விளைவு கறுப்புச் சேறு. எவர்சில்வர் நேர்மாறு, அதில் ஒன்றுமே நடக்காமல் கிடக்கலாம். மைல்ட் ஸ்டீல், அதாவது துருப்பிடிக்கும் சாதாரண எஃகுதான் வேண்டும். வெல்டிங் பட்டறையில் கேட்டால் வெட்டி எறிந்த துண்டுகளைச் சும்மாவே கொடுப்பார்கள். எனக்குப் பிறை என்ற ஊரில் ஒரு பட்டறையில் ஒரு பிடி கொடுத்தார்கள், இன்னும் தீரவில்லை. பூச்சு போட்டது மட்டுமே கிடைத்தால், காடியில் ஒரு இரவு ஊறவையுங்கள். துத்தநாகம் கரையும்போது சரசரவென்று குமிழி வரும். குமிழி அடங்கிப் பரப்பு மங்கிய சாம்பல் நிறமானதும் எடுத்துக் கழுவுங்கள்.

வடிதாளுக்கு ஆய்வுக்கூடத் தாள் தேவையில்லை. காப்பி வடிக்கும் வெள்ளைத் தாள் போதும்.

புட்டி. தீபாவளி முடிந்தால் எல்லார் வீட்டிலும் காலியாகக் கிடக்குமே, சிவப்பு மூடி போட்ட பலகாரப் புட்டி, அதில் சிறியது மிகப் பொருத்தம். பக்கங்கள் நேராக இருக்க வேண்டும், உள்ளே தெளிவாகத் தெரிய வேண்டும். குறுக்களவு 6 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் கீழே நான் சொல்லும் அளவுகள் அப்படியே பொருந்தும். ஒரு முறை இதற்குப் பயன்படுத்திய புட்டியை மறுபடியும் பலகாரத்துக்கு எடுக்கக் கூடாது.

எனக்கு ஆன செலவு: மயில்துத்தம் அரை கிலோ 18 ரிங்கிட், கல்லுப்பு 2, காப்பித் தாள் 6, பாதுகாப்புக் கண்ணாடி 8, கையுறைப் பெட்டி 12, வாலை வடிநீர் (டிஸ்டில்ட் வாட்டர்) 4, சிட்ரிக் அமிலம் 4. மொத்தம் 54 ரிங்கிட். அரை கிலோவில் இருபது புட்டிக்கு மேல் வைக்கலாம். ஆகவே நண்பர்களோடு சேர்ந்து வாங்கினால் இன்னும் மலிவு.

3. காகிதங்கள்

வீட்டுப் பொழுதுபோக்குக்கு எதற்குக் காகிதம் என்று நானும் நினைத்தேன். ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் ஓர் இடத்தில் ஆர்டர் கொடுத்து, பணமும் கட்டி, பத்து நாள் கழித்து "கம்பெனி கடிதம் இல்லாமல் அனுப்ப மாட்டோம்" என்றார்கள். பணம் திரும்பி வர இன்னும் ஒரு வாரம். அப்படிப்பட்ட கடையில் வாங்குவதானால் தனிநபருக்கு விற்பீர்களா என்று முதலிலேயே கேளுங்கள். பள்ளிக்காக என்றால் தலைமையாசிரியரிடமிருந்து பள்ளி முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பொருளின் பெயர், அளவு, எதற்கு என்ற மூன்றும் இருக்கட்டும்.

இரண்டாவது, பாதுகாப்புத் தரவுத் தாள். ஒரு வேதிப்பொருளைத் தொட்டால் என்ன, விழுங்கினால் என்ன, எப்படி அப்புறப்படுத்துவது என்று பதினாறு பகுதிகளாகச் சொல்லும் தாள் அது. வேலையிடங்களுக்கு ஆபத்தான வேதிப்பொருள் வழங்குவோர் இதை மலாயிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும் என்று மலேசியாவின் 2013-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. சில்லறையாகப் பிரித்துக் கட்டும் கடையில் இது இருக்காது. முறையான விற்பனையாளரிடம் கேட்டால் கிடைக்கும். அச்சடித்து, முதலுதவிப் பகுதியைத் தமிழில் உங்கள் கைப்பட எழுதி, புட்டி இருக்கும் தட்டுக்கு மேலே ஒட்டுங்கள். பாட்டிக்கும் புரிய வேண்டும் அல்லவா? அறிவியல் விழாவிலும் நடுவர்கள் கேட்டால் உடனே எடுத்துக் காட்டலாம்.

மூன்றாவது ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, அளவு, அன்றன்று கண்டது. என் நான்காவது முயற்சி வென்றதற்கு முதல் மூன்றின் குறிப்புகள்தான் காரணம்.

4. வீட்டுக்குள் எங்கே வைப்பது

இதை நான் அடித்துச் சொல்ல வேண்டும். மயில்துத்தக் கரைசலைப் பார்த்தால் சங்குப்பூ ஊறவைத்த தண்ணீர்போலவே இருக்கும். பினாங்கு வீடுகளில் அந்த நீலத் தண்ணீர் குவே பலகாரத்துக்கும் சோற்றுக்கும் பானத்துக்கும் குளிர்சாதனப் பெட்டியில் இருப்பது வழக்கம். குழந்தையோ வயதானவரோ எடுத்துக் குடித்துவிட எல்லா வாய்ப்பும் உண்டு. ஆகவே குடிக்கும் போத்தலில் ஒருபோதும் ஊற்றாதீர்கள், சமையலறையில் வைக்காதீர்கள், "நச்சு, செம்பு உப்பு" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுங்கள். விழுங்கினால் கடுமையான வாந்தி, வயிற்று எரிச்சல் வரும். கண்ணில் பட்டால் கண்ணைப் பலமாகத் தாக்கும். கையுறையும் கண்ணாடியும் போடாமல் பொட்டலத்தைத் திறக்கக் கூடாது. பிள்ளைகள் பார்க்கட்டும், எழுதட்டும், படம் எடுக்கட்டும். நீலப் படிகத்தை அளந்து போடுவது பெரியவர் வேலை.

தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில்தான் இருக்கிறது. அதன் எண்ணைத் தொடங்கும் முன்பே கைப்பேசியில் சேமித்து வையுங்கள். யாராவது விழுங்கி மயக்கமோ தொடர் வாந்தியோ வந்தால் தாமதிக்காமல் 999.

இடம்: வெயில் படாதது, ஆட்டம் இல்லாதது. சலவை இயந்திரத்தின் மேல் வைக்காதீர்கள். பூனை ஏறாத உயரம் நல்லது.

5. உப்புக் கரைசல்

முதல் நாள் இரவே செய்துவிடுங்கள். 250 மில்லிலிட்டர் வாலை வடிநீரில் 100 கிராம் கல்லுப்பு. இவ்வளவு தண்ணீரில் சுமார் 90 கிராம்தான் கரையும். மீதி அடியில் தங்கும், தங்கவும் வேண்டும். அடியில் கரையாத உப்பு தெரிந்தால்தான் கரைசல் நிறைந்திருக்கிறது என்று பொருள். நான் இரண்டாம் முறை, "கொஞ்சம் குறைவாக இருந்தால் என்ன" என்று நிறையாத கரைசலை ஊற்றினேன். புட்டிக்குள் நான் கட்டிய உப்பு அடுக்கையே அது இரவோடு இரவாகக் கரைத்துவிட்டது. நீலம் நேராக மேலே ஏறி இரும்பைத் தொட்டது, காலையில் சேறு. மறுநாள் தெளிந்த பகுதியை மட்டும் இறுத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

6. அடுக்குதல்

அரை மணி நேர வேலை. வரிசை மாறக் கூடாது.

புட்டியின் வாயின் உள்விளிம்பில் மெல்லியதாக வாசலின் பூசுங்கள். இல்லையென்றால் உப்பு சுவரில் ஊர்ந்து ஏறி வெளியே வந்து தட்டெல்லாம் பூத்துவிடும்.

அடியில் 20 கிராம் மயில்துத்தப் படிகம். அதைச் சமமாகப் பரப்பி, உப்புக் கரைசலில் இரண்டு மூன்று தேக்கரண்டி விட்டு நனையுங்கள்.

அதன் மேல், பொடித்த உப்பை அதே கரைசலில் ஈர மணல்போலப் பிசைந்து, 2 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போட்டுக் கரண்டியின் பின்புறத்தால் மெதுவாக அழுத்துங்கள். படிகம் வளரப்போவது இந்த அடுக்கில்தான். ஓரங்களில் இடைவெளி இருந்தால் நீலம் அந்த வழியாகக் குறுக்கே ஓடிவிடும், ஆகவே சுவரோரம் நன்றாக அடையுங்கள். இன்னும் பெரிய படிகம் வேண்டும், காத்திருக்கவும் முடியும் என்றால் 3 சென்டிமீட்டர் போடுங்கள்.

வடிதாளைப் புட்டியின் உள்ளளவுக்கு வட்டமாக வெட்டி இரண்டு அடுக்காக வையுங்கள். சுருக்கம் இல்லாமல் படிய வேண்டும். இரும்பிலிருந்து வரும் துருவும் அழுக்கும் கீழே போகாமல் தடுப்பது இதுதான்.

தாளின் மேல் இரும்புத் துண்டுகள், மொத்தம் 15 கிராமுக்குக் குறையாமல். கணக்குப்படி 20 கிராம் மயில்துத்தத்திலிருந்து அதிகபட்சம் 5 கிராம் செம்புதான் வரும், அதற்கு நாலரை கிராம் இரும்பு கரைந்தால் போதும். ஆனால் இரும்பு ஒருபக்கம் தாளோடு தொடர்பு விட்டுப்போகும், துருவாலும் வீணாகும். தாராளமாக வையுங்கள். துண்டுகள் தாளில் தட்டையாகப் படிய வேண்டும், ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருப்பதும் நல்லது. வைக்கும் முன் மணல்தாளால் தேய்த்து, சோப்பில் கழுவி எண்ணெயைப் போக்குங்கள்.

கடைசியாக, ஒரு கரண்டியைப் பிடித்து அதன் மேல் உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இரும்புக்கு மேல் 3 சென்டிமீட்டர் நிற்கட்டும். நேராக ஊற்றினால் குழி விழும், அத்தோடு அந்தப் புட்டி போயிற்று. மூடியைத் தளர்வாக வையுங்கள். சிறிதளவு வாயு வரலாம், இறுக்கிவிடக் கூடாது.

7. காத்திருக்கும் வாரங்கள்

என் நோட்டில் உள்ளபடி: மூன்றாம் நாள் உப்பின் அடிப்பகுதி நீலம். ஐந்தாம் நாள் அது பச்சையாகி மேலேறியது. பச்சையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், செம்பு உப்போடு சேரும்போது அந்த நிறம் வரும். மேலே கரைசல் மஞ்சளாக, பிறகு பழுப்பாக மாறியது, அது இரும்பின் துரு. பன்னிரண்டாம் நாள் தாளுக்குக் கீழே, சுவரோரம், குண்டூசி முனை அளவில் முதல் சிவப்புப் புள்ளி. அன்று வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன். நான்காம் வாரம் அந்தப் புள்ளிகள் கிளைவிட்டு, உப்பு முழுக்க விரல் அகலத்துக்கு இறங்கியிருந்தன.

உங்கள் புட்டியில் தேதிகள் மாறும். இரண்டு நாளுக்குள்ளேயே சிவப்பு தெரிந்தால் அது நல்ல செய்தி அல்ல, எங்கோ கசிவு இருக்கிறது. மூன்று வாரமாகியும் எதுவும் இல்லையென்றால் இரும்பைச் சந்தேகியுங்கள், எவர்சில்வர் கலந்திருக்கலாம். நம் ஊர் வெப்பத்தில் நீர் குறையும். இரும்பு காற்றில் தலைகாட்டும் முன் நிறைந்த உப்புக் கரைசலையே விடுங்கள், வெறும் தண்ணீரை அல்ல.

மிக முக்கியமாக, எடுத்து ஆட்டிப் பார்க்காதீர்கள். இருக்கும் இடத்திலேயே விளக்கடித்துப் பாருங்கள்.

8. எடுத்துக் கழுவுதல்

பச்சை வெளிறிப்போனதும், அல்லது இரண்டு வாரமாக வளர்ச்சி தெரியாததும், எடுக்கலாம். கையுறை போட்டு, மேலுள்ள கரைசலை ஒரு வாளியில் இறுத்துவிட்டு, இரும்பையும் தாளையும் எடுங்கள். பிறகு புட்டியில் மெதுவாகக் குழாய்த் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். உப்பு தானாகக் கரைந்து செம்பை விட்டுவிடும். கத்தியால் தோண்டினால் கிளைகள் ஒடிந்துபோகும். முதல் இரண்டு மூன்று தண்ணீரையும் அதே வாளியில் சேருங்கள்.

செம்பு மங்கலாக இருந்தால் ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து ஐந்து நிமிடம் வையுங்கள். பழுப்பு போய் ரோஜா நிறம் வரும். அப்புறம் வாலை வடிநீரில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் ஊறட்டும். இந்தப் படியை யாரும் குறைக்க வேண்டாம். இடுக்கில் உப்பு மிஞ்சினால், பினாங்கின் ஈரக்காற்றில் சில வாரத்திலேயே பச்சைப் புள்ளி விழுந்து செம்பை அரிக்கத் தொடங்கும். என் முதல் நல்ல படிகம் அப்படித்தான் போயிற்று.

கடைசியில் மருந்துக்கடை ஆல்கஹாலில் நனைத்து எடுத்து, மின்விசிறியின் கீழ் உலர்த்துங்கள். சிறு கண்ணாடிக் குப்பியில், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பையைப் போட்டு மூடிவைத்தால் நிறம் நிற்கும். விழாவில் கையில் எடுத்துக் காட்ட வேண்டும் என்றால் நிறமற்ற நகப்பூச்சு மெல்லியதாக ஒரு முறை.

9. வாளியில் இருப்பதை என்ன செய்வது

லோங்காங்கில், அதாவது தெருவோர வடிகாலில், ஊற்றக் கூடாது. செம்பு மிகக் குறைந்த அளவிலேயே மீனையும் நத்தையையும் கொல்லும். நம் லோங்காங் நீர் ஆற்றுக்கும் கடலுக்கும்தான் போகிறது. பழைய வரிசை வீடுகளில் சமையலறைத் தொட்டித் தண்ணீரும் நேராக லோங்காங்கில் விழும், அதையும் நினைவில் வையுங்கள். பூந்தொட்டியிலும் வேண்டாம்.

வாளியில் எஃகு நார் போடுங்கள், எவர்சில்வர் நார் அல்ல, துருப்பிடிக்கும் சாதாரண வகை. மீதமிருக்கும் செம்பு எல்லாம் அதில் படிந்து சேறாகும். இரண்டு நாள் கழித்து, தேய்த்த ஒரு புது ஆணியைப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். ஆணி சிவக்காவிட்டால் செம்பு வெளியேறிவிட்டது. கரைசலில் எஞ்சும் வெளிர் பச்சையோ மஞ்சளோ இரும்புதான். காப்பித் தாளில் வடித்து, தெளிந்த நீரை நிறையத் தண்ணீரோடு கழிவறையில் விடலாம்.

தாளில் தங்கும் செம்புச் சேற்றை உலர்த்தி, பெயர் எழுதிய புட்டியில் மூடிவையுங்கள். எங்கள் வீட்டின் ஐந்து மாதச் சேறு ஒரு ஜாம் புட்டியில் பாதிகூட வரவில்லை.